"இந்த வயதில் இப்படித்தான்" என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

பதின்மூன்று வயதுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் "புதுசுல இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறீர்கள். இருபத்தைந்து வயதில் மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று வந்தால் "எடையைக் குறைங்க". குழந்தை பிறந்து ஆறு வாரமாகியும் அழுகை நிற்கவில்லை என்றால் "புது அம்மாக்களுக்கு இது சகஜம்". நாற்பத்தாறில் தூக்கமே இல்லை என்றால் டென்ஷன், ஐம்பத்திரண்டில் மூச்சு வாங்கினால் மெனோபாஸ், எழுபதில் சிறுநீர் கசிந்தால் "வயசாகுது இல்லையா". ஒரு பெண் எந்த வயதில் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்தாலும், அந்த வயதையே காரணமாகச் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட முடிகிறது. அது எப்படி என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் எல்லோரும் அப்படி இல்லை, தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதும் தெரியும். ஆனால் வயதைக் கேட்டதும், இந்த வயதுக்காரிக்கு வேறு என்னவெல்லாம் இருக்கக்கூடும், எதைக் கேட்காமல் விடக்கூடாது என்றுதானே யோசனை ஓட வேண்டும்? பல மருத்துவமனை அறைகளில் வயதைக் கேட்டவுடனேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

சிறு பெண்களிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்களால் உங்களிடம் வாதாட முடியாது. இந்தக் காட்சியை நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள், கூட வந்த பெரியவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். "ரொம்பப் போகுதா?" என்று கேட்கிறீர்கள். அவள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல, நார்மலாத்தான்" என்கிறாள். எது நார்மல் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு உடம்பில் அவள் இருந்து பார்த்ததில்லையே. அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாப்கின் எவ்வளவு நேரம் தாங்குகிறது? மணிக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறதா? அதற்காக ராத்திரி எழுந்திருக்கிறாயா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? கட்டி கட்டியாக வருகிறதா? பல் பிடுங்கியபோது இரத்தம் சீக்கிரம் நின்றதா? இதற்கெல்லாம் அவளால் பதில் சொல்ல முடியும். முடிந்தால் கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஃபின்லாந்தின் ஆலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியை 1924இல், அவளுடைய ஐந்தாவது வயதில், எரிக் ஃபான் வில்லெபிராண்ட் என்ற மருத்துவர் பரிசோதித்தார். அவளுடைய சகோதரிகளில் சிலர் ஏற்கனவே இரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து அவர் 1926இல் எழுதிய கட்டுரையால்தான், இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது. அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது, இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். பரம்பரையாக வரும் இரத்தப்போக்கு நோய்களில் மிகப் பரவலானது இதுதான். இன்றைக்குச் சோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பல பெண்களுக்கு இதன் முதல் அடையாளமே அளவுக்கு மீறிய மாதவிடாய்தான். ஏறக்குறைய நூறு வருடமாகத் தெரிந்த ஒரு நோய்க்கு இன்னும் "புதுசுல இப்படித்தான்" என்று பதில் கிடைக்கிறது என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், மாதாமாதம் இப்படி இரத்தம் போகிறவளுக்கு இரும்புச்சத்து என்னவாகும்? உலகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோனவர்கள் இதில் சேர்த்தியில்லை. களைப்பு, முடி கொட்டுதல், படித்தது மண்டையில் ஏறாமல் போவது, படி ஏறினால் படபடப்பு. இப்படி வருகிறவளிடம் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடாமல், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை ஒன்றும் எழுதிக் கொடுங்கள். சோம்பேறி என்று வீட்டிலும் பள்ளியிலும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்களுக்கு உண்மையில் வேண்டியது அந்த ஒரு சோதனைதான்.

அப்புறம் வலி. மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஓரளவு வலி உண்மைதான். மாத்திரை போட்டும் எழுந்திருக்க முடியாத வலி, மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத வலி, மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் உயிர் போகிற வலி, இதெல்லாம் அந்த ஓரளவில் சேராது. கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரியவர 4 முதல் 12 வருடம் வரை ஆகிறதாம். பதினைந்தில் தொடங்கியவளுக்கு இருபத்தைந்தில்தான் பெயர் தெரிகிறது என்றால், நடுவில் உள்ள பத்து வருடமும் அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பாள். எனக்குத்தான் வலி தாங்கும் சக்தி இல்லையோ, நான்தான் நடிக்கிறேனோ என்று. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். தயவுசெய்து அதை அவளிடமும் சொல்லுங்கள். "ஸ்கேன் நார்மல், ஒண்ணுமில்ல" என்பது வேறு, "ஸ்கேனில் தெரியவில்லை, ஆனால் உன் வலி உண்மை, அடுத்து இதைச் செய்து பார்ப்போம்" என்பது வேறு. "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது சிகிச்சை இல்லை, பலருக்கு உண்மையும் இல்லை.

பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். எடையைக் குறை என்பது பலருக்குப் பயன்படும் அறிவுரைதான், ஆனால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. எடை கூடியிருப்பவளும் காரணம் தெரியாமல் வெறும் வயிற்றோடு கிடந்து அவதிப்படுகிறாள். சர்க்கரை பார்க்க வேண்டும், மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும் என்பதை விளக்க வேண்டும், முகத்தில் முடி வளர்வது அவள் மனதை என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கர்ப்பம் வேண்டும் என்று வரும்போது மட்டும் பார்க்கிற நோயாக இது இருக்கக்கூடாது.

காப்பர் டி வைக்கும்போது, கருப்பைவாயில் மாதிரி எடுக்கும்போது "சும்மா சுருக்குனு இருக்கும்" என்று சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலருக்கு உண்மையிலேயே சுருக்கென்றுதான் இருக்கும். சிலருக்கு மயக்கமே வந்துவிடும். முன்கூட்டியே அதைச் சொல்லி, மரத்துப்போக என்னென்ன வழி இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்? ஒருமுறை அப்படி வலித்துப் பயந்தவள் அடுத்த முறை பரிசோதனைக்கே வரமாட்டாள். 2022இல் மட்டும் சுமார் ஆறு லட்சத்து அறுபதாயிரம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது, ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி வைரஸால் வருபவை. தடுப்பூசி இருக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனை இருக்கிறது, மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கிற வழியும் வந்துவிட்டது. 15 வயதுக்குள் 90 சதவீதப் பெண்களுக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள்ளும் மறுபடி 45 வயதுக்குள்ளும் 70 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, நோய் தெரிந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை, இதெல்லாம் 2030க்குள் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் வரவேண்டிய பெண் எங்கோ ஒரு பரிசோதனைக் கட்டிலில் பயந்துபோய் எழுந்து போனவளாக இருக்கலாம்.

இனி பிரசவம். கர்ப்பமாக இருந்தபோது அவள் உடம்பில் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தீர்கள். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கால் வீக்கம், எல்லாம். குழந்தை பிறந்து ஆறாவது வாரம் வருகிறாள். குழந்தையைத் துணி அவிழ்த்து எடை மேடையில் கிடத்துகிறார்கள், தலையைச் சுற்றி டேப் வைத்து அளக்கிறார்கள், தடுப்பூசி அட்டையில் கட்டம் கட்டமாக எழுதுகிறார்கள், குழந்தை அழுகிறது, எல்லோரும் குனிந்து சமாதானம் செய்கிறார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறாள். நான்கு நாளாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தையல் போட்ட இடம் இன்னும் உட்காரவிடாமல் வலிக்கிறது. "குழந்தை சூப்பரா இருக்கு" என்கிறீர்கள். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பிரசவமான பெண்களில் உலக அளவில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் அழுகை வேறு, இது வேறு. பல நாடுகளில் பிரசவத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் தாய்மார்கள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகத் தற்கொலை இருக்கிறது. இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். எடின்பரோ கேள்வித்தாள் 1987லிருந்தே இருக்கிறது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்பவை. காத்திருக்கும் நேரத்திலேயே அவள் நிரப்பிவிடலாம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பலருக்குத் தயக்கம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்கவில்லை என்றால்தான் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், ஏனென்றால் குழந்தையைப் பறித்துவிடுவார்களோ, கெட்ட அம்மா என்பார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறாள். அதோடு தைராய்டையும் இரத்த அளவையும் பாருங்கள், களைப்பு எல்லாமே மனசில் இருந்து வருவதில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் பிரீஎக்லாம்ப்சியா வந்தவளுக்கு, பின்னாளில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவளுக்குப் பிறகு நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. இது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது, பிரசவ வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "பிரசவம் ஆச்சு, பிரஷர் இறங்கிடுச்சு, கவலைப்படாதீங்க" என்று வீட்டுக்கு அனுப்புகிறீர்களே, அந்தத் தாளில் "வருடாவருடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருக்கிறதா? இருபது வருடம் கழித்து அவள் நெஞ்சு அடைக்கிறது என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது, "கர்ப்பமா இருந்தப்ப பிரஷர் இருந்துச்சா?" என்று அவர் கேட்கிறாரா? இரண்டு பேரும் நல்ல மருத்துவர்கள்தான், நடுவில் அவள் கதை மட்டும் தொலைந்துவிடுகிறது.

இதயத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்கிறேன். பெண்களின் பெரிய பயம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் என்பார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகத்தில் பெண்களை அதிகம் கொல்வது இதய இரத்தநாள நோய்கள், இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் அதிகம் வருகிறது. அதோடு தாடை, முதுகு, மேல்வயிறு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, மூச்சுத் திணறல் என்று கூடவே வேறு சிலவும் அவர்களுக்கு அதிகம் சேர்ந்து வருகின்றன, அவற்றையெல்லாம் அவள் வரிசையாகச் சொல்லும்போது நெஞ்சு வலி எங்கோ நடுவில் போய்விடுகிறது. கேட்பவருக்கு "பதற்றமான பெண்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வாயுவுக்கு மாத்திரை, அல்லது தூக்க மாத்திரை. இதயத் தமனியின் உட்சுவர் திடீரென்று கிழிந்து வரும் மாரடைப்பு ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது, அதுவும் கொழுப்போ சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லாத, நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு. "உங்களுக்கு மாரடைப்பு வர வாய்ப்பே இல்லை" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடாத ஆட்கள் இவர்கள். ஈசிஜி எடுங்கள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தச் சோதனை பாருங்கள். பிறகு பதற்றம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

இதற்கெல்லாம் நீங்கள் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் படித்த பாடமே பாதி உடம்பை வைத்து எழுதப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குழந்தை பெறக்கூடிய வயதில் உள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது, 1993இல்தான் அதை மாற்றியது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடம்பில் மெதுவாக இறங்குகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் இரத்தத்தில் இருக்கிறது என்று 2013இல் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். மருந்து அதற்கு இருபது வருடம் முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. இத்தனை வருடமும் "மறுநாள் தலை கிறுகிறுக்குது டாக்டர்" என்று சொன்ன பெண்களுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மெனோபாஸ் காலத்துக்கு வருகிறேன். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்னாலேயே தூக்கம், மூட்டு, மனநிலை, ஞாபகம் எல்லாம் தடம் புரளத் தொடங்கும். கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டென்று உடம்பு எரிந்து வியர்த்துக் கொட்டும், சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகும். மூளையில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டு உங்களிடம் வருகிறார்கள். உடம்பு எரிந்து வியர்க்கும் இந்தத் தொல்லை சராசரியாக ஏழு வருடம் வரை நீடிக்கிறது. ஏழு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல்வது வைத்தியம் ஆகாது. 2002இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையின் ஆபத்து தெரிந்து ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், உலகம் முழுக்க மருத்துவர்களும் பெண்களும் பயந்து அந்தச் சிகிச்சையைக் கைவிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், கடுமையான தொல்லையோடு இருப்பவர்களில் பலருக்கு நன்மைதான் அதிகம் என்பது பிறகு தெளிவானது. எல்லோருக்கும் பொருந்தாது, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும், ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. அவளுக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். "அதெல்லாம் கேன்சர் வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

வயதானவர்களைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு மனசு கனத்துப்போகிறது. மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைப் பார்த்தே ஆகவேண்டும். அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது, சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் அவர்களுக்கு அதைச் சொல்லவே கூச்சம். மூட்டு வலிக்கு என்று வந்திருப்பார்கள், எழுந்து போகும்போது கதவருகில் நின்று "அப்புறம் ஒண்ணு…" என்று இழுப்பார்கள். அந்த "அப்புறம் ஒண்ணு" வரும்போது அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

ஐம்பத்தைந்து வயதில் தரையில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்து வருகிறவளுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்புகிறீர்கள். எலும்பின் வலுவையும் சோதித்து அனுப்பினால், பத்து வருடம் கழித்து இடுப்பெலும்பு உடையாமல் காப்பாற்றலாம். ஐம்பது தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கு எலும்புத் தேய்மானத்தால் முறிவு வருகிறது. கீழே விழாமலேயே முதுகெலும்பு நொறுங்கும், உயரம் குறையும், "கூன் விழுந்துடுச்சு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சிறுநீர்க் கசிவுக்கு, முறையாகச் சொல்லிக் கொடுத்த இடுப்புத்தளப் பயிற்சியை மூன்று மாதம் செய்தாலே பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. அர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் அதைப் பற்றி எழுதியது 1948இல். திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றுக்கு, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவுகிறது. இதெல்லாம் தெரியாமல் எத்தனை பேர் வெளியூர் போவதை, விசேஷத்துக்குப் போவதை, சத்தமாகச் சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

சரி, நான் கேட்பது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. எந்த வயதுக்காரியாக இருந்தாலும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுங்கள், பதின்மூன்று வயதுக்காரியையும் எண்பது வயதுக்காரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் பதிலாக வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். மாதவிடாய், கர்ப்பம், மெனோபாஸ் பற்றிய கேள்விகளை மகப்பேறு மருத்துவர் மட்டுமல்ல, இதய மருத்துவரும் எலும்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் கேளுங்கள். அவள் சொன்ன தொல்லைக்கு ஒரு சோதனை வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், சரி, அது உங்கள் படிப்பும் அனுபவமும். ஆனால் என்ன சொன்னாள், எதைச் சோதிக்கவில்லை, ஏன், எத்தனை வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்பி வரவேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மருத்துவரிடம் போகும்போது அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்களிடம் வரும் பெண்களில் ஒருத்தி